நல்லபெருமாள் பிள்ளைக்காக உடைத்த நூற்றெட்டுத் தேங்காய்

1

ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் பாளையங்கோட்டையில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். கடவுள் இல்லை என்பதில் என்னைவிட உறுதியானவர். நான் வீட்டுக்குள் சொல்வதை அவர் மேடையில் சொல்லுவார். நலம் விசாரிக்கக்கூட இல்லை, நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்: "நீர் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் சட்டையைக் கழற்றி நின்று தேங்காய் உடைத்ததாக இங்கே பேசிக்கொள்கிறார்கள். பொய் என்று மறுப்பு எழுதி அனுப்பும். அடுத்த கூட்டத்தில் வாசிக்கிறேன்."

மறுப்பு எழுத வழியில்லை. செய்தி உண்மைதான். தேங்காய் நூற்றெட்டு. எறிந்தது நூற்றுப் பத்து முறை. ஒரு காய் மூன்றாவது எறியில்தான் உடைந்தது. பத்திரிகையில் இருப்பவன், வந்த செய்தி சரியாக இருந்தால் திருத்தக் கூடாது. குறையாக இருந்தால் நிரப்பலாம். அதைத்தான் இங்கே செய்கிறேன். நண்பர் விரும்பினால் இதையே கூட்டத்தில் வாசிக்கலாம்.

சாமி இல்லாதவனுக்கு அடுத்தவர் பக்தியில் பங்கு உண்டா, உண்டென்றால் அது இரண்டு பக்கத்தையும் ஏமாற்றுவது ஆகாதா என்பது அவர் எழுதாமல் விட்ட கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் ஒரு காலை நேரத்தில் நடந்தது. அதை நடந்தபடி சொல்லுகிறேன்.

2

சென்ற பங்குனியோடு நான் திருவனந்தபுரம் வந்து இருபது வருஷம் ஆகிறது. பத்திரிகையில் கப்பல் ஏறிப் போனவர்கள் எழுதும் பகுதியில் இவன் எழுதுகிறானே, ஒரு பகல் பயணத்தில் இருக்கிற ஊர் அயல்நாடா என்று ஊரில் சிலர் சிரிப்பதாகக் கேள்வி. சிரிப்பவர்கள் ஆரல்வாய்மொழிச் சுங்கச் சாவடியைத் தாண்டிப் பார்க்க வேண்டும். முதல்முறை வந்தபோது என் தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் புகையிலை தேடினார்கள். அந்தப் பக்கம் ராஜா வேறு, காசு வேறு, வருஷக் கணக்கு வேறு. தபாலுக்குக்கூட இங்கே தனி இலாகா உண்டு. அதற்கு அஞ்சல் என்று பெயர். அது ராஜ்யத்துக்குள் மட்டும் போகும். ஊருக்கு எழுதும் கடிதத்தை அந்தப் பெட்டியில் போட்டுவிட்டு மூன்று வாரம் பதில் வரவில்லையே என்று காத்திருந்தவன் நான்.

இங்கே ஒரு தினசரியில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். காலையில் தந்திகளைப் பிரிப்பது, மத்தியானம் பிழை திருத்துவது, சாயங்காலம் பக்கம் கட்டுவது. ஐரோப்பாவில் போர் தொடங்கிய பிறகு தந்திகள் இரட்டித்துவிட்டன.

என் மகள் கோமதிக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் மலையாளம், தோழிகள் மலையாளம், கோபம் வந்தால் மலையாளம், இப்போது கனவும் மலையாளம் என்று அவள் அம்மா சொல்லுகிறாள். தமிழ் அவளுக்கு அடுக்களையோடு நின்றுவிட்டது. அவளைப் பள்ளியில் சேர்த்த அன்று மனுவில் மதம் என்ற இடத்தை நான் எழுதாமல் விட்டிருந்தேன். குமாஸ்தா பேனாவை நீட்டினார்.

"சாறே, கோளம் ஒழிச்சிடான் பற்றில்லா. எந்தெங்கிலும் ஒண்ணு பறயணம்."

இடத்தைக் காலியாக விட முடியாது, ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றார். மதம் கிடையாது என்றேன். கிடையாது என்பதற்கு வேறு மனு இருக்கிறதா என்று பெரிய குமாஸ்தாவைக் கேட்கப் போனார். இல்லையாம். அரைமணி நேரம் யோசித்துவிட்டு அந்த இடத்தில் 'தமிழன்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். இன்றுவரை பள்ளிக்கூடப் பதிவில் என் மகளுடைய மதம் அதுதான்.

நான் சாமியோடு சண்டை போட்டு வந்தவன் அல்ல. இருபத்திரண்டு வயதில் ஆற்றங்கரைத் திருவிழா ஒன்றுக்குச் செய்தி எழுதப் போனேன். மூன்றாம் நாள் காலரா புகுந்தது. தாலுகா ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து இறந்தவர் பட்டியலைப் பிரதி எடுத்தேன். பெயர், வயது, ஊர். எல்லோரும் கும்பிட வந்தவர்கள். பிரதி எடுத்து முடித்து நிமிர்ந்தபோது, அதுவரை எனக்குள் யாரோ உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. அவ்வளவுதான். அந்த இடத்தை எதையாவது எழுதி நிரப்பவும் நான் முயலவில்லை.

3

நல்லபெருமாள் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டுக்காரர். சாலை என்ற கடைவீதியில் அரிசி மொத்தக் கடை. நான் வந்து இறங்கிய முதல் இரண்டு வருஷம் அவர் கடையின் மச்சில்தான் குடியிருந்தேன். கீழே மூட்டை இறங்கும் சத்தம்தான் எனக்குக் காலைச் சேவல்.

மனுஷர் கோயில் பித்து. விடிந்ததும் பழவங்காடி, வெள்ளிக்கிழமை இரண்டு முறை. அங்கே கொடுக்கும் அப்பத்தை இலையோடு எனக்குக் கொண்டுவந்து தருவார். நான் தின்பேன். சாமியைக் கும்பிடாதவன் சாமியின் அப்பத்தைத் தின்னலாமா என்று கடையில் யாரோ ஒருமுறை கேட்டார்கள்.

"அப்பத்துக்கு அவரு வேணும்வே. இவ்வளவு நெய்யையும் நானே தின்னா செத்துப் போவேன்" என்றார் பிள்ளை. பிறகு என்னிடம், "எப்படி இருக்கு?"

"போன வாரத்தைவிட வெல்லம் கொறைவு" என்றேன்.

"கேட்டியளா? நம்மளாட்டு கண்ண மூடிட்டு முழுங்கல்ல. சாமிக்குச் சொல்லிருதேன்."

சாலை முழுவதும் எனக்கு 'சாமியில்லாச் சார்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டதில்லை. நானும் அவரைப் போகாதீர் என்று தடுத்ததில்லை. பழவங்காடி முக்கு வரை ஒன்றாக நடப்போம். அவர் உள்ளே போவார். நான் எதிரே சாயாக் கடையில் பத்திரிகை பார்ப்பேன். அவர் நெற்றியில் சந்தனத்தோடு வெளியே வருவார். விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். இப்படி ஒரு சிநேகம் எங்கள் ஊரில் எனக்கு வாய்த்திருக்காது என்று நினைக்கிறேன். அங்கே ஒன்று என்னைத் திருத்தியிருப்பார்கள், அல்லது நான் அவர்களைத் திருத்தக் கிளம்பியிருப்பேன்.

4

சென்ற மாசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் கடை திறக்கச் சாவியை நீட்டியவருக்குக் கை நீளவில்லை. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு குழறியது, கிண்டல் மட்டும் குழறவில்லை.

வடக்கே காயல் கரையில் வாதத்துக்கு உழிச்சில் செய்யும் வைத்தியர் ஒருவர் இருக்கிறார். எண்ணெய் தேய்த்து, பிடித்துவிட்டு, மாதக்கணக்கில் நடக்கும் சிகிச்சை. அவர் ஆள் அனுப்பிச் சொன்னது ஒன்றுதான்: ஒரு மண்டலத்துக்குள், அதாவது நாற்பத்தொரு நாளுக்குள் கொண்டுவந்தால் பார்க்கலாம், அதற்குமேல் போனால் வரவேண்டாம். அவ்வளவு தூரத்துக்கு வண்டியின் குலுக்கல் ஆகாது என்பதால் வள்ளக்கடவிலிருந்து வள்ளத்தில், காயல் படகில், படுக்கவைத்துக் கொண்டுபோக ஏற்பாடு. வள்ளமும் தயார், ஆளும் தயார். பிள்ளைதான் வரமாட்டேன் என்று கிடந்தார்.

காரணம் நேர்ச்சை. அவருடைய ஒரே மகளுக்குத் தைமாதம் பிரசவம். கஷ்டமான பிரசவம். தாயும் பிள்ளையும் பிழைத்தால் தன் கையால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாகப் பழவங்காடியில் நேர்ந்திருந்தார். இருவரும் பிழைத்தார்கள். கையைத் தூக்குவதற்குள் கை போய்விட்டது. அதை முடிக்காமல் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டாராம்.

முப்பத்திரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கட்டிலருகே அவர் மனைவி நாகம்மை விசிறிக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி திரவியம் வாசற்படியில் நின்றான்.

"ஓய், அந்த நூத்தியெட்டு காயையும் நீரு எறியும்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வீட்டில மச்சான் இருக்காரு. நான் எதுக்கு?"

"இவனா? இவன் கையில குடுத்தா பத்து காயி எனக்காச்சுட்டு எறிவான். பதினோராவது காயில தன் காரியத்தச் சொருகிருவான். மகளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்காம்லா."

திரவியத்துக்கு முகம் சுருங்கியது. "அத்தான், நான் அப்படிப்பட்ட ஆளா?"

"நீ அப்படிப்பட்ட ஆளுதாம் மக்கா. நானும் அப்படித்தான். அவன் முன்னால போயி நின்னா கேக்காம வர நமக்குத் தெரியாது." என் பக்கம் கண்ணைத் திருப்பினார். "இது கேக்கதுக்கு உள்ள காயி இல்ல. மகளும் பேரனும் நல்லா இருக்காவ; அதுக்குள்ள நன்றி. வேற ஒண்ணும் கலக்கப்படாது. நம்ம ஆளுகள்ல அங்க போயி கேக்க ஒண்ணும் இல்லாத மனுஷன் நீரு ஒருத்தர்தான்."

யோசித்துச் சொல்லுகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். யோசித்தேன் என்பது சரியல்ல. பயந்தேன். ஊரில் என்ன பேசுவார்கள் என்ற பயம் கொஞ்சம். அதைவிட, பொய்யான காரியம் ஒன்றை நோயாளிக்காகச் செய்கிறேனோ என்ற பயம் அதிகம்.

மூன்று நாள் போயிற்று. நாலாம் நாள் காலை நாகம்மை என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, உங்களுக்கு சாமி இல்லன்னு எனக்குத் தெரியும். எனக்கும் இப்பம் சாமி வேண்டாம். அவரு வள்ளத்துல ஏறணும். இன்னும் ஆறு நாளுதான் இருக்கு."

அவள் போன பிறகு என் மனைவி ஆவுடை அடுக்களையிலிருந்து வந்தாள். இருபது வருஷத்தில் அவளோடு ஒரு கோயில் படி நான் ஏறியதில்லை.

"போயிட்டு வாங்க. எனக்காக ஒரு நாளு அந்த வாசல்ல நின்னதில்ல. சிநேகிதருக்குன்னா சட்டையைக் கழட்டுவீங்க. கழட்டுங்க, நானும் ஒரு ஓரமா நின்னு பாக்கேன்" என்றாள். பிறகு அவளே வேட்டியைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்தாள்.

எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டேன். எங்கள் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவர் கிறிஸ்தவர். கோயில் உற்சவ அறிவிப்பை அவர்தான் கோக்கிறார். ஒரு பிழை இராது. அவர் நம்புகிறாரா என்று அறிவிப்பு கொடுத்தவரும் கேட்பதில்லை, வாசிப்பவரும் கேட்பதில்லை. நான் அவரைப் போல இருந்துவிட்டுப் போகிறேன். வாசகம் பிள்ளையுடையது, என்னுடையது கை மட்டும்.

5

முப்பத்தேழாம் நாள், விடியற்காலை ஆறு மணி. சாலையிலிருந்து பழவங்காடிக்குத் தேங்காய் மூட்டைகள் கைவண்டியில் வந்தன. கூட வந்தவர்கள் நாகம்மை, திரவியம், ஆவுடை, கோமதி. காய்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக ஒன்பது வரிசையில் அடுக்கினேன். சட்டையைக் கழற்றி ஆவுடையிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, ஞான் எண்ணிக்கோளாம்" என்று கோமதி முன்னால் வந்து நின்றாள். எண்ணுகிற வேலை அவளுக்கு.

முதல் காயை வீட்டில் தட்டுவதுபோலக் குடுமியைப் பிடித்து, நடு வரியைப் பார்த்துக் கல்லுக்கு நேரே கொண்டுபோனேன். திரவியம் கையைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, இது தொவையலுக்கு இல்ல. செதறணும். ஓங்கி எறியும்."

ஓங்கி எறிந்தேன். சிதறியது. தண்ணீர் முகத்தில் தெறித்தது. "ஒந்நு" என்றாள் கோமதி.

பிள்ளை சொல்லிக் கொடுத்திருந்த வாசகம் சின்னது: மகளும் பேரனும் நலம், நல்லபெருமாளுடைய நன்றி. ஒவ்வொரு காய்க்கும் அதை வாய்க்குள் சொன்னேன். பிரதியில் உள்ளதற்கு மேல் ஒரு எழுத்து சேர்க்கவில்லை. இருபது, முப்பது, ஐம்பது. சாமி கும்பிட வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். என்னைத் தெரிந்த இரண்டு சாலைக்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அறுபதுக்குமேல் வலது தோள் எரிய ஆரம்பித்தது. பிள்ளைக்குப் போன கையும் இதுதான் என்ற நினைவு அப்போதுதான் வந்தது. அந்த நினைவை ஒதுக்கிவிட்டு அடுத்த காயை எடுத்தேன்.

எழுபத்து மூன்றாவது காய் உடையவில்லை.

கல்லில் பட்டு, ஒரு முறை துள்ளி, முழுக் காயாக உருண்டு நாகம்மையின் காலடியில் போய் நின்றது. கோமதி வாயைத் திறந்தவள் எண்ணைச் சொல்லவில்லை. நேர்ச்சைக் காய் உடையாமல் போனால் இங்கே என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் அதே பொருள்தான். நாகம்மை கண்ணை மூடிக்கொண்டாள். இனி அவர் கட்டிலை விட்டு எழமாட்டார் என்று அவள் நினைத்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

ஓடு தடித்த காய். கண் உள்ள பக்கம் கல்லில் பட்டிருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. இதை அப்போதே அறிந்திருந்தேன். குனிந்து எடுத்து மறுபடி எறிந்தேன். மறுபடியும் உடையாமல் உருண்டது. பின்னால் யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.

மூன்றாவது முறை எடுத்தபோது பிள்ளை கொடுத்த வாசகம் வாயில் வரவில்லை. வந்தது வேறு. உடை, அவர் எழுந்து நடக்கட்டும். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்றால் யாரையும் இல்லை. எதிரே விளக்கு தெரிந்தது, மாலை தெரிந்தது, கல் தெரிந்தது. கேட்பவர் என்று ஒருவரும் எனக்குத் தென்படவில்லை. ஆனாலும் கேட்டேன். உடம்பு முழுவதும் சேர்ந்து கேட்டது. இருபத்திரண்டு வயதுக்குப் பிறகு நான் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

காய் தூளாயிற்று.

"எழுபத்தி மூந்நு" என்றாள் கோமதி.

அதோடு நின்றிருந்தால் ஒரு நிமிஷத் தடுமாற்றம் என்று விட்டிருப்பேன். நிற்கவில்லை. எழுபத்து நாலிலிருந்து நூற்றெட்டு வரை ஒவ்வொரு காய்க்கும் முதலில் அவருடைய நன்றி, அதன் பின்னாலேயே என்னுடைய கேட்பு. தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அச்சுக் கோப்பவரின் நியாயம் எழுபத்திரண்டோடு முடிந்துவிட்டது. பிள்ளை எனக்குக் கொடுத்த வேலை கலக்காமல் எறிவது. முப்பத்தாறு காயில் நான் கலந்திருந்தேன்.

6

வள்ளத்தைப் பத்து மணிக்குச் சொல்லியிருந்தார்கள். திரும்பும் வழியில் திரவியம் என் பக்கத்தில் வந்தான்.

"அண்ணாச்சி, அந்தக் காயி விஷயம் அத்தான்ட்ட சொல்லாண்டாம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னாப் போரும். இல்லேன்னா இன்னொரு நூத்தியெட்டு வேணும்னு கெடப்பாரு. நாளு இல்ல."

அவனுக்குத் தெரிந்தது உடையாத காய் மட்டும். மற்றது என் ஒருவனுக்குத்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் அவர் வள்ளத்தில் ஏறுவார். சொன்னால் ஏறாமல் போகலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வாசிப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கும் சாலை முக்கு வரை அப்படித்தான் தோன்றியது. ஆனால் சுத்தமான கை என்று நம்பி அவர் இந்த ஊரிலேயே தேர்ந்தெடுத்த கை இது. சாமிக்குப் பொய் சொல்ல எனக்கு ஆள் இல்லை. நல்லபெருமாள் பிள்ளை என்ற ஆள் இருந்தார்.

அவரை வேட்டி மாற்றி, தலைசீவி, போவதற்குத் தயாராகச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் கேட்டார்.

"எத்தன?"

"நூத்தியெட்டு. எழுபத்து மூணாவது மூணு எறி வாங்கிச்சு."

நாகம்மையின் கை மூட்டை கட்டுவதை நிறுத்தியது. திரவியம் வாசலில் இருமினான்.

"சரி. ஒடஞ்சுதுல்லா" என்றார் பிள்ளை.

"ஒடஞ்சுது. அது இல்ல விஷயம். அந்தக் காயிலேர்ந்து நான் கலந்துட்டேன்."

"என்னத்த?"

"நீரு எழும்பி நடக்கணும்னு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருட்ட கேட்டீரு?"

"யாருட்டயும் இல்ல. அங்க ஆரும் இருக்கதா எனக்குத் தோணல்ல. இப்பமும் தோணல்ல."

"பின்ன எதுக்குவே கேட்டீரு?"

"கேக்காம இருக்க முடியல்ல."

"எத்தன காயில?"

"முப்பத்தாறு."

வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "பாத்தியா நாகம்மே, அதையும் எண்ணி வச்சிருக்காரு." பிறகு சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். "நான் முப்பது வருஷமா அவன் முன்னால நிக்கேன். என் காரியம் இல்லாம ஒரு காயி எறிஞ்சது இல்ல. இந்தத் தடவதான், எனக்குன்னு ஒண்ணும் கேக்கப்படாதுன்னு பல்லக் கடிச்சிட்டுக் கெடந்தேன். கை போச்சு, கால் போச்சு. கேக்கல்ல. நன்றின்னா நன்றியா மட்டும் போவணும். அதுக்குத்தான் உம்ம அனுப்பினேன். நீரு போயி, நான் கேக்காம வச்சிருந்ததக் கேட்டுட்டு வந்து நிக்கீரு."

"திருப்பிச் செய்யணுமா?" என்றேன். மணி ஒன்பதேகால்.

"எதுக்கு? நான் எனக்குக் கேக்கல்ல. நீரும் உமக்குக் கேக்கல்ல. இதுல தப்பு எங்க இருக்கு?" இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீரு செஞ்சதுக்கு எனக்குத் தெரிஞ்ச பேரு ஒண்ணு உண்டு. சொன்னா சண்டைக்கு வருவீரு. அதனால சொல்லல்ல."

அது என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"நாகம்மே, வண்டி வந்தாச்சான்னு பாரு" என்றார்.

7

வள்ளக்கடவில் நாலு பேராகச் சேர்ந்து அவரைக் கட்டிலோடு இறக்கினோம். வலது பக்கத்துத் தலைமாடு என்னுடையது. நாகம்மையும் திரவியமும் கூட ஏறினார்கள். கயிற்றை அவிழ்க்கும்போது பிள்ளை என்னைக் குனியச் சொன்னார்.

சாலைக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் விளக்கு ஏற்றும் நேரத்தில் அளவை நின்றுவிடும். எவ்வளவு பெரிய வியாபாரம் வந்து நின்றாலும் ஒரு மணி அரிசி வெளியே போகாது. கடைக்காரர் விளக்கின் முன்னால் நிற்பார். தீபம் காட்டி முடிந்த பிறகுதான் படி மறுபடி அசையும். கடைக்காரர் ஊரில் இல்லையென்றால் அவர் சொல்லிவிட்டுப் போன ஆள் நிற்பார். வேலைக்காரர்கள் ஏற்றுவார்கள், ஆனால் நிற்பதற்கு வீட்டு ஆள் வேண்டும்.

"திரவியமும் எங்கூட வாறான். கடையில வெளக்குக்கு ஆளு இல்ல. நான் வாறது வர நீரு நில்லும்."

"நானா? கைகூப்ப மாட்டேனே."

"கூப்பாண்டாம். கேக்கவும் வேண்டாம், பாடவும் வேண்டாம். நின்னாப் போரும்."

வள்ளம் போய்விட்டது.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. இப்போது இங்கே கர்க்கடக மழை, நம் ஆடி மாதம். நாகம்மை பதினைந்து நாளுக்கொருமுறை எழுதுகிறாள். கடைசிக் கடிதத்தின்படி வலது கையில் மூன்று விரல் அசைகிறது. கால் இன்னும் இல்லை. பிள்ளையார் அருள் என்று அவர் சொல்லச் சொன்னாராம். வைத்தியரின் எண்ணெய் என்று நான் பதில் எழுதினேன். இந்த வழக்கு முடிய நாளாகும்.

ஊர் நண்பருக்கு என் பதில் இதுதான். நான் நாத்திகன். அந்தக் காலையிலும் நாத்திகன், இன்றும் நாத்திகன். பழவங்காடியில் எனக்கு யாரும் காட்சி கொடுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதர் தன் வாழ்க்கையிலேயே சுத்தமாகக் கொடுக்க நினைத்த ஒரு நன்றியை என் கையில் ஒப்படைத்தார். தன் ஆட்களில் யாருக்கும் கொடுக்காததை எனக்குக் கொடுத்தார். அதுவும் நான் கும்பிடாதவன் என்று தெரிந்து, அதற்காகவே கொடுத்தார். இருபது வருஷத்தில் இந்த ஊர் எனக்குக் கொடுத்த பட்டம் எதுவும் இதற்கு ஈடாகாது. இதை மறுக்கச் சொன்னால் மறுக்க மாட்டேன். கூட்டத்தில் உரக்கவே வாசிக்கட்டும்.

பக்தியில் பங்கு உண்டா என்றால், உண்டு. கேட்பவர் அங்கே இருக்கிறாரா என்பதில் பிள்ளையும் நானும் சாகும்வரை ஒத்துப்போக மாட்டோம். யாருக்காகக் கேட்கிறோம் என்பதில் எங்களுக்குள் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தப் பாதி எனக்குப் போதுமானதாக இருக்கிறது. அவருக்கும் போதுமானதாக இருந்ததை நேரில் பார்த்தேன்.

ஆபீஸில் தினம் சாயங்காலம் அரைமணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். எதற்கு என்று மானேஜர் கேட்டார். அரிசிக் கடையில் நிற்க என்றேன். குடையை எடுத்துக்கொண்டு சாலைக்கு நடக்கிறேன். வேலைக்காரர்கள் விளக்கை ஏற்றுகிறார்கள், அளவை நிற்கிறது, எல்லோரும் கைகூப்புகிறார்கள். நடுவில், கடைக்காரர் நிற்கும் இடத்தில், நான் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறேன். ஒரு நாளும் கூப்பியதில்லை. ஒரு நாளும் தவறியதில்லை.

மணி ஆறாகப் போகிறது. மழை விடவில்லை. விளக்கு ஆறரைக்கு, நான் போகாமல் அங்கே ஏற்ற மாட்டார்கள். அதனால் இதை இந்த இடத்தில் நிறுத்துகிறேன்.